காதுக்குப் பிடிபடாத மருத்துவச் சொல்லை எழுத்தில் பிடிப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வீட்டிலிருந்தபடியே மருத்துவ டிரான்ஸ்கிரிப்ஷன் (மருத்துவர்கள் பேசிப் பதிந்த அறிக்கையைக் கேட்டுத் தட்டச்சு செய்யும்) வேலை பார்க்கும் தங்கை ஒருவர், வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆன நிலையில் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அக்கா, அமெரிக்கக் கண் மருத்துவர் ஒருவருடைய டிக்டேஷனில் மூன்று சொற்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒன்று ‘டெரிஜியம்’ என்று கேட்கிறது. அகராதியில் தேடியும் அப்படி ஒரு சொல் அகப்படவில்லை. இன்னொன்று ‘ஷோகிரன்’. மூன்றாவது ஒரு மருந்தின் பெயர். ‘செலெ’ என்று தொடங்கி, யாரோ கதவைச் சாத்தும் சத்தத்தில் மறைந்துவிடுகிறது. அளவும் சொல்லவில்லை. அந்த நோயாளிக்கு மூட்டுவலியும் உண்டு, மனச்சோர்வும் உண்டு என்று முன்னால் வருகிறது. இந்த மூன்றுக்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது. தெரியாத சொல்லைக் கண்டுபிடிக்கவும் பிழையில்லாமல் எழுதவும் ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தான் வருமா?”

முறை இருக்கிறது. 19 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி மற்றவர்கள் தட்டச்சு செய்ததைத் திருத்தும் எடிட்டராகக் கழிந்தது. இப்போது கீழக்கரையில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: சொல் புரியவில்லை என்றதும் அந்த ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பத்து முறை கேட்டும் பிடிபடாத ஓசை பதினொன்றாவது முறை பிடிபடுவது அபூர்வம். ஜி.பி.எஸ். கருவி வருவதற்கு முன்னால் நம் கடற்கரையில் நாட்டுப்படகில் போனவர்கள், கடலுக்குள் தாங்கள் நிற்கும் இடத்தைக் கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பனங்கூட்டத்தையும் வைத்துத்தான் கணித்தார்கள். ஓர் அடையாளம் திசையை மட்டும் காட்டும். இரண்டு அடையாளங்கள் சேர்ந்தால்தான் இடம் தெரியும். நமக்கு ஓசை ஓர் அடையாளம், வாக்கியத்தின் பொருள் இன்னோர் அடையாளம். இரண்டும் ஒரே சொல்லைக் காட்டினால்தான் அந்தச் சொல்லை எழுத வேண்டும். காட்டாவிட்டால் அந்த இடத்தில் பிளாங்க் விட வேண்டும். நான் சொல்லப்போகிற மற்றவை எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

முதலில் ‘டெரிஜியம்’. அந்தச் சொல்லைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, அதைச் சுற்றி மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். நீங்கள் எழுதி அனுப்பிய பகுதியில், வலது கண்ணின் மூக்குப் பக்கத்திலிருந்து வெண்படலத்தின் மேல் ஒரு சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருக்கிறது என்றும், அதை வெட்டியெடுத்துவிட்டு நோயாளியின் கண்ணிலிருந்தே எடுத்த இமைப்படலத் துண்டை ஒட்டவைக்கப் போவதாகவும் வருகிறது. இதை நீங்கள் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் வருடக்கணக்காக வேலை செய்யும் மீனவர்களுக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து முக்கோணமாக ஒரு சதை வளருமே, ‘கண்ணில் சதை வளருது’ என்று சொல்வார்களே, அதுதான். சூரியனின் புற ஊதாக் கதிர்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆகவே ஓசையைத் தேடாமல், கண்ணில் வெண்படலத்திலிருந்து கருவிழி மேல் வளரும் சதை என்ற பொருளை ஆங்கிலத்தில் தட்டித் தேடியிருந்தால், இரண்டே நிமிடத்தில் அந்தச் சொல் முன்னால் வந்து நின்றிருக்கும். வந்ததும் ஓசையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அருகிலேயே ‘பிங்குவெகுலா’ என்று இன்னொரு சொல்லும் வரும். அது வெண்படலத்தோடு நின்றுவிடும் மஞ்சள் நிறத் திட்டு, கருவிழி மேல் ஏறாது. பொருளும் பொருந்தவில்லை, ஓசையும் பொருந்தவில்லை, அதை ஒதுக்கிவிடலாம்.

அந்தச் சொல் அகராதியில் உங்களுக்கு அகப்படாததற்குக் காரணம், அதன் முதல் எழுத்து ஒலிக்காத ‘பி’. இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டு ‘பி’ வருகின்றன, இரண்டு ‘டி’ வருகின்றன. ஆகவே இந்தப் பதில் முழுவதும் பேப்பர் பி, பஸ் பி, டிக்கெட் டி, டாக்டர் டி என்று பிரித்துச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட சொல்லின் எழுத்துகள்: பேப்பர் பி, டிக்கெட் டி, ஈ, ஆர், ஒய், ஜி, ஐ, யு, எம். சிறகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘சின்னச் சிறகு’ என்பது அதன் நேர்ப்பொருள். அந்தச் சதையின் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. ஹெலிகாப்டர் என்ற சொல்லின் பின்பாதியும் இதே சிறகுதான். அங்கே சொல்லின் நடுவில் வருவதால் ‘ப்’ ஒலிக்கிறது. இங்கே முதலில் வருவதால் ஒலிக்காமல் போகிறது. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று படித்தோம் அல்லவா? ஆங்கிலம் பேசுகிறவர்களின் நாவும் இந்தக் கிரேக்க மெய்க் கூட்டத்தைச் சொல்லின் முதலில் ஏற்கவில்லை. ஆனால் எழுத்தில் மட்டும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நிமோனியா, சோரியாசிஸ், இமை தொங்கும் டோசிஸ் ஆகிய மூன்றும் இப்படியே பேப்பர் பி-யில் தொடங்குகின்றன. ஆகவே என், எஸ், டிக்கெட் டி ஆகிய வரிசைகளில் ஒரு சொல் அகப்படாவிட்டால், முன்னால் ஒரு பேப்பர் பி போட்டுத் தேடுவதை உடனடிப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இசட் ஓசையில் தொடங்கும் சொல் அகப்படாவிட்டால் எக்ஸ் வரிசையைப் பாருங்கள். வறட்சியைக் குறிக்கும் ‘சீரோ’ அங்கேதான் இருக்கிறது. ‘க’ ஓசைக்குக் கே, சி இரண்டையும் பார்த்த பின்பு சி-எச் பாருங்கள்.

எழுத்தைப் பற்றிய இந்தச் சிக்கலில் தமிழர்களாகிய நமக்கென்று தனியான ஓர் ஆபத்தும் இருக்கிறது. புரியாத சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கும் நோட்டில் தமிழில் குறித்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அந்தக் குறிப்பு அடுத்த நாள் எடுத்துப் பார்க்கும்போது உதவாது. பேப்பர், பஸ் இரண்டையும் ஒரே ‘ப’ கொண்டுதான் எழுதுகிறோம். காது பிரித்துக் கேட்ட வேறுபாட்டைக் கை எழுதும்போதே அழித்துவிடுகிறது. அதனால் குறிப்பைத் தமிழில் எழுதாமல், தப்பும் தவறுமாக இருந்தாலும் ஆங்கில எழுத்திலேயே எழுதிவையுங்கள். இன்னொன்று, ‘ஸ்’ என்று தொடங்கும் மெய்க்கூட்டத்துக்கு முன்னால் நம்மையறியாமல் ஓர் ‘இ’ சேர்ப்போம். ‘இஸ்கூல்’ என்று பேச்சில் வருவது போல. இதனால் ரத்த ஓட்டக் குறைவைக் குறிக்கும் இஸ்கீமியாவில் உண்மையாகவே இருக்கிற ‘ஐ’ எழுத்தை, நாம் சேர்த்துக்கொண்ட ‘இ’ என்று நினைத்துக் கழித்துவிட்டு, எஸ் வரிசையில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லின் பொருளையும் எழுத்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் வழி, பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம்தான். ஒரு சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்தோமே, மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை அப்படிப் பிரியும். பித்தப்பையை வெட்டியெடுக்கும் அறுவைக்குக் கோலிசிஸ்டெக்டமி என்று பெயர்: ‘கோலி’ பித்தம், ‘சிஸ்ட்’ பை, ‘எக்டமி’ வெட்டியெடுத்தல். வேறு பல சொற்களில் உறுப்புகளுக்கு இடையில் வரும் ‘ஓ’ எழுத்து நம்முடைய சாரியை போன்றது. தனிப் பொருள் இல்லாமல் இரண்டு உறுப்புகளை இணைப்பதற்காக வருவது. விகுதியில் கவனம் தவறினால் சிகிச்சையே மாறிவிடும். பெருங்குடலோடு ‘எக்டமி’ சேர்ந்தால் குடலை வெட்டியெடுத்தார்கள். ‘ஆஸ்டமி’ சேர்ந்தால் வயிற்றுச் சுவரில் வாய் திறந்துவைத்தார்கள். ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறந்தார்கள். மூன்றும் வேகமாகச் சொல்லும்போது ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். அறுவைக்குப் பின்பு வயிற்றில் பை மாட்டியிருப்பதாக வந்தால் அது ‘ஆஸ்டமி’ என்று முடிவு செய்யலாம்.

எழுத்துப் பிழை மிகுதியாக வருவது, ஆர், ஆர், எச் என்று மூன்று எழுத்துகள் சேர்ந்து நிற்கும் சொற்களில்தான்: வயிற்றுப்போக்கு, ரத்தக்கசிவு, குடலிறக்கத் தையல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிரேக்க மொழியில் ‘ர’ ஓசையில் தொடங்கும் உறுப்பு, உயிரெழுத்தில் முடியும் உறுப்போடு புணரும்போது அந்த ‘ர’ இரட்டிக்கும். நம் ‘வாழை’யும் ‘பழ’மும் புணர்ந்து ‘வாழைப்பழம்’ ஆகும்போது ஒற்று மிகுவதைப் போன்றது அது. ஆகவே சொல்லின் முதலில் நின்றால் ஓர் ஆர், ஓர் எச். மூக்கழற்சியைக் குறிக்கும் ரைனைட்டிஸ் அப்படித்தான் தொடங்குகிறது. நடுவில் புணர்ந்து வந்தால் இரண்டு ஆர், ஓர் எச். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்ட பிறகு, என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் ஹெமரேஜ் என்ற சொல்லில் பிழை விட்டதே இல்லை.

இதே போல ‘இ’ ஓசையில் ஐ வருமா, ஒய் வருமா என்ற குழப்பத்துக்கும் பொருள்தான் வழிகாட்டும். ‘கெடுதலான, சிரமமான’ என்ற பொருளில் வரும் ‘டிஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. மூச்சுத்திணறலைக் குறிக்கும் டிஸ்ப்னியாவில் அதற்கு ஒய். ‘பிரிதல், விலகுதல்’ என்ற பொருளில் வரும் ‘டிஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. மூட்டு விலகலைக் குறிக்கும் சொல்லில் அதற்கு ஐ. செவிப்பறையைக் குறிக்கும் சொல்லிலும் ஒய் உண்டு. உங்கள் கண் மருத்துவரின் துறைப் பெயரான ஆஃப்தால்மாலஜியையும் கவனியுங்கள்: ஓ, பேப்பர் பி, எச், டிக்கெட் டி, எச் என்று தொடங்குகிறது. முதல் எச்சை விட்டுவிட்டு எழுதிய பெயர்ப் பலகைகளும் உண்டு, இணையப் பக்கங்களும் ஏராளம் உண்டு. ஆகவே ஒரு சொல்லைத் தட்டியதும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வருகின்றன என்பது அந்த எழுத்துக்கோவை சரி என்பதற்குச் சான்று ஆகாது. எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட யார் எழுதியிருக்கிறார்கள் என்பதே முக்கியம். டார்லாண்ட், ஸ்டெட்மன் ஆகிய மருத்துவ அகராதிகளில் ஒன்று, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளம், மருந்துகளுக்கு அதே நூலகத்தின் டெய்லிமெட் தளம் ஆகியவற்றில் ஒன்றிலாவது பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

அகராதியைத் திறக்கும்போது அது எந்த நாட்டு எழுத்துமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மருத்துவப் படிப்பும் மருத்துவமனைத் தாள்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுவன. உங்கள் நிறுவனம் அமெரிக்க முறையைக் கேட்கும். உணவுக்குழாயையும் நீர்வீக்கத்தையும் குறிக்கும் சொற்கள் பிரிட்டிஷ் முறையில் ஓ வரிசையில் இருக்கும், அமெரிக்க முறையில் ஈ வரிசையில் இருக்கும். ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவருக்காக ஒரு வருடம் டிஸ்சார்ஜ் சுருக்கங்கள் தட்டச்சு செய்து கொடுத்த காலத்தில், பகலில் ஒரு முறையும் இரவில் இன்னொரு முறையுமாக எழுதி நானே குழம்பியிருக்கிறேன். பிறகு இரண்டு வேலைக்கும் கணினியில் தனித்தனி எழுத்துப் பிழைதிருத்தியை அமைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வருடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம். சங்கு குளிக்கும் ஒருவருக்கு ஆழத்தின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்திருந்தது. அதற்கு ‘பாரோட்ராமா’ என்று மருத்துவர் சொன்னது எனக்கு ஒரு நோயாளியின் பெயர் போலக் கேட்டது. ‘பாரோ’ என்பது அழுத்தம், பாரோமீட்டரில் வருவது, ‘ட்ராமா’ காயம். காய்ச்சலோடு வந்த இன்னொருவருக்கு இடுப்பில் கருகிய சிறு புண் இருப்பதாகச் சொல்லி ‘எஸ்கார்’ என்றார். ஈ, எஸ், சி, எச், ஏ, ஆர் என்று எழுத வேண்டும். எஸ், சி, ஏ, ஆர் என்று எழுதினால் ஆறிய தழும்பு என்று பொருளே மாறிவிடும். அந்தக் கருகிய புண்தான் உண்ணிக் காய்ச்சலுக்கு முக்கியமான அடையாளம் என்பதால், இந்த ஓர் எழுத்துப் பிழை நோயறிதலுக்கான சான்றையே தாளிலிருந்து நீக்கிவிடும். அடுத்த வரியிலேயே அதன் கிருமியின் பெயர் வந்தது: ஒரியென்ஷியா சுட்சுகமுஷி. பின்பாதி ஜப்பானியச் சொல். டிக்கெட் டி, எஸ், யு என்ற கோவை அதில் இரண்டு முறை வரும். 1995 வரை அது ரிக்கெட்சியா என்ற இனத்தில் வைக்கப்பட்டிருந்ததால், வயதான மருத்துவர்கள் பழைய பெயரையே சொல்வதுண்டு. அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும், நாம் மாற்றக் கூடாது. கிருமிகளின் பெயரில் முதற்சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், இரண்டாவது சொல் சிறிய எழுத்தில் தொடங்கும்.

ஓசை முற்றிலும் ஒன்றாகவே இருக்கும் சொற்களும் உண்டு. ‘இலியம்’ என்று கேட்டால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியாகவும் இருக்கலாம், இடுப்பெலும்பாகவும் இருக்கலாம். நடுவில் ஈ வந்தால் குடல், ஐ வந்தால் எலும்பு. அறுவை வயிற்றிலா எலும்பிலா என்று பார்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் பொருளைப் பார்த்தாலும் எளிதில் தீராத இணை ஒன்றைச் சொல்கிறேன்: விழுங்குவதில் சிரமத்தைக் குறிக்கும் ‘டிஸ்ஃபேஜியா’, பேச்சில் சிரமத்தைக் குறிக்கும் ‘டிஸ்ஃபேசியா’. பக்கவாதம் வந்த நோயாளிக்கு இரண்டுமே வரலாம். இரண்டையும் பார்ப்பவர் பேச்சுப் பயிற்சியாளரே. பக்கவாதம் என்று முன்னால் வந்துவிட்டது, ஆகவே பேச்சுத்தான் என்று அவசரப்பட்டு எழுதினால் பாதி நேரம் தவறாகும். இன்னும் தள்ளிப்போய், பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்களா, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுத்தார்களா, கெட்டியான நீராகாரம் கொடுக்கச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். இதனால்தான் தெரியாத சொல் வந்த இடத்திலேயே நின்றுவிடாமல், ஒலிப்பதிவை ஓட்டும் பெடலைக் காலால் மிதித்துக் கோப்பின் கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வரச் சொல்கிறேன். தொடக்கத்தில் மென்று விழுங்கிய அதே சொல்லை, மருத்துவர் கடைசியில் நோய் முடிவு சொல்லும் இடத்தில் நிதானமாகச் சொல்வதுண்டு. அதே மருத்துவரின் பழைய அறிக்கைகள் சாம்பிளாகக் கிடைத்தால் அவற்றையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மருத்துவரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொற்கள் ஒரு கட்டுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது சொல்லான ‘ஷோகிரன்’ வேறு வகை. இது பகுதி, விகுதி என்று பிரியாது, ஏனென்றால் இது ஒரு மனிதரின் பெயர். கண்ணீரும் உமிழ்நீரும் வற்றிப்போகும் நோயைப் பற்றி 1933இல் விரிவாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரனின் பெயர் அந்த நோய்க்கு வைக்கப்பட்டது. எழுத்துகள்: எஸ், ஜே, ஓ, ஜி, ஆர், ஈ, என். ஸ்வீடிஷ் மொழியில் அந்த ஓ எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. அவற்றை இட வேண்டுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் அறிவுறுத்தல் தாளில் பாருங்கள். உங்கள் கோப்பில் கண் வறட்சி, வாய் வறட்சி, கண்ணுக்குள் காகிதத் துண்டு வைத்துக் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனை ஆகிய மூன்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதில் ஐயமே இல்லை, நிரப்பிவிடலாம். ஆள்பெயர்களையும் பிரெஞ்சுச் சொற்களையும் ஓசை வழியாகப் பிடிக்க முடியாது. ரத்தக் குழாயில் கேட்கும் ஓசையைப் பல மருத்துவர்கள் ‘ப்ரூயீ’ என்பார்கள்; எழுத்தில் கடைசியில் ஒரு டிக்கெட் டி இருக்கும். நரம்புகளைப் பலவீனமாக்கும் ‘கியான் பாரே’ நோயின் முதல் பெயர் ஜி, யு, ஐ, எல், எல் என்று போகும். இவற்றுக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை: கேட்ட ஓசை ஒரு பக்கம், சரியான எழுத்து மறுபக்கம், எந்த நோயோடு வந்தது என்பது மூன்றாவது பக்கம்.

இனி மருந்துகள். எழுத்துப் பிழை ஆளைக் கொல்லக் கூடிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ரத்த அழுத்தம் 190/110 என்று இருந்த ஒரு நோயாளிக்கு ‘ஹைட்ராலசின்’ 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை என்று மருத்துவர் சொன்னதை நான் ‘ஹைட்ராக்சிசின்’ என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். முதலாவது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. இரண்டாவது அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது, தூக்கம் வரவைப்பது. இரண்டுக்குமே 25 மில்லிகிராம் மாத்திரை உண்டு, இரண்டையுமே நாளுக்கு மூன்று முறை கொடுப்பதும் உண்டு. ஆகவே அளவு என்னைக் காப்பாற்றவில்லை. முந்தின வாக்கியத்தில் இருந்த ரத்த அழுத்தம் காப்பாற்றியிருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. எடிட்டர் பிடித்துத் திருப்பி அனுப்பியதால் அது நோயாளியின் தாளுக்குப் போகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் தொடங்கிய முயற்சியில், இப்படிக் குழம்பும் பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்துகளில் அச்சிடும் முறை வந்தது. அந்தப் பட்டியலில் இந்த இணையும் இருக்கிறது. அந்தப் பட்டியலை அச்செடுத்து மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள். வயிற்றுப் புண் மருந்தான ‘லோசெக்’ என்ற பெயர், சிறுநீர் பிரிக்கும் ‘லேசிக்ஸ்’ என்ற பெயரோடு குழம்பியதால்தான் அமெரிக்காவில் அதற்கு ‘ப்ரைலோசெக்’ என்று பெயரையே மாற்றினார்கள்.

மருந்துப் பெயர்களின் விகுதி அதன் குடும்பத்தைச் சொல்லும். ‘ஓலால்’ என்று முடிந்தால் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா தடுப்பான், ‘சார்டன்’, ‘ப்ரில்’ என்று முடிந்தால் ரத்த அழுத்த மருந்து, ‘ஸ்டேட்டின்’ கொழுப்புக்கு, ‘ப்ரசோல்’ வயிற்று அமிலத்துக்கு. நோயோடு குடும்பம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்குள் முதற்பாதி ஓசையைத் தேடுவது எளிது. ‘மைசின்’ என்று முடியும் கிருமிக்கொல்லிகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவற்றுக்கு ஒய், ஜென்டமைசினுக்கு ஐ. ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தவற்றுக்கு ஒய் வைத்தார்கள், ஜென்டமைசின் மைக்ரோமோனோஸ்போரா என்ற வேறு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்ததால் ஐ வைத்தார்கள். ‘ஃப்’ ஓசையிலும் இப்படித்தான்: செஃபலெக்சினுக்கு அமெரிக்காவில் பேப்பர் பி, எச், செஃப்ட்ரையாக்சோனுக்கு எஃப்.

இப்போது பல நிறுவனங்களில் கணினியே ஒலியைக் கேட்டு முதல் வரைவை எழுதிக் கொடுத்துவிடுகிறது, நாம் திருத்துகிறோம். இதில் தெரியாத சொல்லின் ஆபத்து கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. புரியாத இடத்தில் மனிதர் நிற்பார். கணினி நிற்காமல், எழுத்துப் பிழை சிறிதும் இல்லாத, ஆனால் பொருள் தவறான ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போகும். எழுத்துப் பிழைதிருத்தி அதைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு மருந்துப் பெயரையும் ஒவ்வொரு விகுதியையும் ஒலியோடு வைத்துக் கேட்டுத்தான் விட வேண்டும்.

சக ஊழியர்களிடம் கேட்பதில் தவறில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். ஆனால் ஒலித்துண்டையோ நோயாளியின் பெயரையோ திரைப் படத்தையோ அங்கே போடாதீர்கள். அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டம் நோயாளியின் விவரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பை நம்மைப் போன்றவர்கள் வரைக்கும் கொண்டுவருகிறது. ‘கண் சம்பந்தமாக, இமைக்குக் கீழே, டோசிஸ் போல ஒலிக்கிறது’ என்று ஓசையையும் இடத்தையும் மட்டும் எழுதினால் போதும். நேரத்துக்கும் ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்கு எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்து நிமிடம். மருந்தாக இருந்தால் பத்து. அதற்கு மேல் தேடினால், சோர்வில் ஏதாவது ஒன்று பொருந்துவது போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். தவறுகள் நுழைவது அந்த நேரத்தில்தான்.

உங்கள் மூன்றாவது சொல் அப்படிப்பட்டது. ‘செலெ’ என்று தொடங்கும் மருந்து, மூட்டுவலிக்கான ‘செலெப்ரெக்ஸ்’ ஆகவும் இருக்கலாம், அதன் பொதுப்பெயரான ‘செலெகாக்சிப்’ ஆகவும் இருக்கலாம், மனச்சோர்வுக்கான ‘செலெக்ஸா’வாகவும் இருக்கலாம். 200 மில்லிகிராம் என்று சொல்லியிருந்தால் செலெக்ஸா இல்லை என்று தள்ளியிருப்பேன், ஏனென்றால் அது 10, 20, 40 மில்லிகிராம் மாத்திரைகளாகத்தான் வரும். அளவும் இல்லை, நோயாளிக்கு இரண்டு தொல்லையும் உண்டு, ஓசையின் பின்பாதியும் இல்லை. நான் 19 வருடம் கேட்ட காதோடு உட்கார்ந்தாலும் இதை நிரப்ப மாட்டேன். அந்த இடத்தில் பிளாங்க் விட்டு, ஒலிப்பதிவில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் குறித்து, எடிட்டருக்கான குறிப்பில் இப்படி எழுதுங்கள்: “மருந்தின் பெயர், ‘செலெ’ என்று தொடங்குகிறது; கதவுச் சத்தத்தில் மறைகிறது; அளவு சொல்லப்படவில்லை; நோயாளிக்கு மூட்டுவலி, மனச்சோர்வு இரண்டும் உண்டு.” மருத்துவரிடமோ மருந்துப் பட்டியலிலோ பார்த்து அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். டெரிஜியத்தையும் ஷோகிரனையும் நிரப்பி, இந்த ஒரு பிளாங்க்கோடு கோப்பை இன்றே அனுப்பிவிடுங்கள்.